மூன்று வயதுக்குப் பிறகும் மங்காத நிறம்: கொங்குச் சமவெளியில் கார்ன் ஸ்நேக் இனப்பெருக்கம்

காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதம் ஆவதற்குள் சாம்பல் நிறம் ஏறிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கன்றின் நிறத்தை வைத்துப் பேரம் பேசமாட்டார்கள். தாய்ப்பசு எப்படி, பொலிகாளை எப்படி என்றுதான் கேட்பார்கள். செல்லப் பாம்பு வாங்குபவர்கள் மட்டும் முட்டையிலிருந்து வந்து ஒரு வாரமான குட்டியின் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பிவிடுகிறார்கள். மூன்றாம் வருடம் அது மங்கிய காவி நிறத்தில் சுருண்டு கிடக்கும்போது தீனியையும் விளக்கையும் குறை சொல்கிறார்கள்.

குறை பெரும்பாலும் வம்சத்தில் இருக்கிறது. நிறம் தங்கும் பாம்பு வேண்டுமென்றால், நிறம் தங்கிய பெற்றோரிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்கு எந்த ஜோடியை எப்போது சேர்ப்பது, நம் ஊர் வெயிலில் முட்டையை எப்படிக் காப்பது, குட்டிகளில் எதை நிறுத்திக்கொள்வது என்பதையெல்லாம் இங்கே பார்க்கலாம். பேச்சு முக்கியமாகக் கார்ன் ஸ்நேக்கைப் பற்றியது. தென்கிழக்கு அமெரிக்காவைச் சேர்ந்த, விஷமில்லாத, சாதுவான பாம்பு இது. பால் பைத்தான் (பந்துபோல் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) வைத்திருப்பவர்களுக்கான குறிப்புகள் இடையிடையே வரும்.

முதலில் சட்டம்

சாரை, தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளி, மலைப்பாம்பு என்று நம் காட்டிலும் தோட்டத்திலும் திரியும் எந்தப் பாம்பையும் பிடித்து வளர்க்க முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. வெளிநாட்டு இனங்களில் பால் பைத்தான், உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படியும், 2024இல் வெளியான விதிகளின்படியும், அதை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் 2.0 தளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும், கை மாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். கார்ன் ஸ்நேக் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. ஆனாலும் பில் இல்லாமல், எங்கே பிறந்தது என்று சொல்லத் தெரியாத ஆளிடம் வாங்காதீர்கள். விமானப் பெட்டியில் கடத்தி வரும் பாம்புகள் உண்ணியும் நோயுமாக வருகின்றன. அவற்றின் பெற்றோர் எப்படி இருந்தன என்று யாருக்கும் தெரியாது. நிற வம்சம் உருவாக்க அப்படிப்பட்ட பாம்பு எந்த விதத்திலும் உதவாது. பட்டியல்கள் மாறக்கூடியவை, ஆகவே வாங்குமுன் மாவட்ட வன அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

நிறம் எங்கிருந்து வருகிறது, எது மங்குகிறது

பாம்பின் தோலில் நிறம் தரும் செல்கள் அடுக்கடுக்காக உள்ளன. கறுப்பும் பழுப்பும் மெலனின் செல்களில் இருக்கின்றன. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் தனித்தனிச் செல்கள். இவற்றோடு, சாயம் எதுவும் இல்லாமல் ஒளியைத் திருப்பி அனுப்பியே மினுமினுப்பும் வெண்மையும் தரும் செல்களும் உண்டு. கண்ணுக்குத் தெரிவது இவை எல்லாம் சேர்ந்த கலவை.

மங்குதல் என்று நாம் சொல்வது மூன்று வெவ்வேறு மாற்றங்கள். வயது ஏற ஏற மெலனின் பரவி, தெளிவாக இருந்த ஆரஞ்சின் மேல் அழுக்குப் பூசியதுபோல் பழுப்பு ஏறுவது ஒன்று. பால் பைத்தானில் பாஸ்டல் என்ற நிற வகை இதற்குப் பேர்போனது: குட்டியில் எலுமிச்சை மஞ்சள், மூன்று வயதில் கஞ்சி போட்ட காக்கி. இரண்டாவது, வெண்மையாக இருந்த இடத்தில் மஞ்சளோ ஆரஞ்சோ கசிவது. மூன்றாவது, கறுப்புக்கும் தரைநிறத்துக்கும் இடையே இருந்த கூர்மையான எல்லை கலைவது. உங்கள் பாம்பில் நடப்பது எது என்று தெரிந்தால்தான் எதைத் தேர்ந்து எதைக் கழிப்பது என்று முடிவெடுக்க முடியும்.

தீனி மாற்றத்துக்கு அடங்குவது இவற்றில் ஒரு சின்னப் பகுதிதான். கார்ன் ஸ்நேக்கின் கழுத்தோரம் வயதோடு ஏறும் மஞ்சள், இரையிலிருந்து வரும் கரோட்டினாய்டு என்ற சாயம். சிவப்புக்குக் கேரட் தின்ற எலி, பளபளப்புக்கு மீனெண்ணெய் என்று விற்கப்படும் யோசனைகளை நம்பிச் செலவழிக்க வேண்டாம். மரபில் இல்லாத சிவப்பைத் தீனி கொண்டுவராது.

எந்த மார்ஃப் எப்படி வயதாகிறது

மார்ஃப் என்றால் மரபால் வரும் நிற வகை. வழிகாட்டியின் உயிர்நாடி இதுதான், அவசரப்படாமல் படியுங்கள்.

அமெல் என்பது கறுப்பு முழுதும் நீங்கிய வகை, கண் சிவந்திருக்கும். கார்ன் ஸ்நேக்கில் ஓசிஏ2 என்ற மரபணு பழுதாவதால் இது உண்டாகிறது. கறுப்பே இல்லை என்பதால் பழுப்பு ஏறும் பயமும் இல்லை. ஆகவே நிறம் தங்கும் வம்சத்துக்கு இது நல்ல அடித்தளம். ஆனால் அமெலிலேயே கேண்டிகேன் என்று விற்கப்படும் வகையில் கவனம் வேண்டும். வெள்ளைத் தரையில் சிவப்புத் திட்டுகளோடு பிறக்கும். பல வம்சங்களில் ஒன்றரை வயதுக்குள் அந்த வெள்ளையில் ஆரஞ்சு கசிந்துவிடும். மூன்று வயதிலும் தரை வெள்ளையாகவே நிற்கும் கேண்டிகேன் உண்டு, அது பல தலைமுறைத் தேர்வின் பலன். விற்பவர் வளர்ந்த தாய் தந்தையைக் காட்டாவிட்டால் அந்தப் பெயருக்குக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை.

சன்க்ளோ இதற்கு நேர் எதிர். வெள்ளை விளிம்பே இல்லாமல் தரையும் திட்டும் ஆரஞ்சாக இருக்க வேண்டிய அமெல் இது. வயதோடு தரையில் ஆரஞ்சு ஏறுவது இங்கே குறையாகாமல் பலமாகிவிடுகிறது. முதன்முதலில் நிற வம்சம் தொடங்குபவர்கள் சன்க்ளோவில் தொடங்குவது நல்லது. காலமே உங்கள் பக்கம் வேலை செய்யும்.

வெள்ளைப் பாம்பு வேண்டுமென்றால் ஸ்நோவுக்கும் பிளிசார்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். அமெலும் அனெரியும் (சிவப்பு நீங்கிய வகை) சேர்ந்தால் ஸ்நோ. குட்டியில் வெள்ளையும் இளஞ்சிவப்பும். வளர்ந்ததும் கழுத்திலும் தாடையிலும் மஞ்சள் ஏறும். அமெலும் சார்க்கோலும் (சிவப்பு நீங்கிய இன்னொரு வகை) சேர்ந்தால் பிளிசார்டு. சார்க்கோல் மரபணு அந்தக் கழுத்து மஞ்சளைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது, அதனால் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். குட்டியில் இரண்டையும் பிரித்தறிவது பழகியவர்களுக்கே சிரமம். விலையும் தரமும் தெரியவருவது பெரியதான பிறகுதான்.

பிளட்ரெட் புதியவர்களை ஏமாற்றும். குட்டி சாம்பல் தலையோடு, அழுக்குச் சிவப்பாக, ஒருவரும் திரும்பிப் பார்க்காதபடி இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் திட்டுகள் கரைந்து உடல் முழுதும் ஒரே செம்மண் சிவப்பாகும். அழகில்லை என்று குட்டியிலேயே தள்ளிவிட்டால் நல்ல சிவப்பைக் கைநழுவ விட்டவர்களாவோம். பழைய பிளட்ரெட் வம்சங்களில் நெருங்கிய உறவில் அதிகம் சேர்த்ததால், குட்டிகள் சிறுத்து, முதல் தீனி எடுக்க அடம்பிடிக்கும் தொந்தரவு உண்டு. வேறு ரத்தம் கலந்தால் அது சரியாகும், ஆனால் சிவப்பு ஒரு தலைமுறைக்குக் குறையும். அதைத் தாங்கிக்கொண்டு அடுத்த தலைமுறையில் மீட்க வேண்டும்.

ஹைப்போ வகைகள் கறுப்பைக் குறைத்து ஆரஞ்சை மேலே கொண்டுவரும், வளர்ந்தும் நன்றாக நிற்கும். அதே குடும்பத்தில் சன்கிஸ்ட் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: அந்த வம்சங்கள் சிலவற்றில் ஸ்டார்கேசர் என்ற நரம்புக் கோளாறு ஒளிந்து வரும். குட்டி தலையை வானத்தை நோக்கி முறுக்கும், புரட்டிப் போட்டால் நிமிரத் தெரியாமல் தவிக்கும். அப்படி ஒரு குட்டி வந்தால் தாய் தந்தை இரண்டுமே அந்த மரபணுவைத் தாங்கியவை என்று பொருள். அந்த ஜோடியை மட்டும் பிரித்தால் போதாது, இரண்டையுமே இனப்பெருக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.

பால் பைத்தானில் பாஸ்டலைத் தனியாக நம்பக்கூடாது. டெசர்ட் கோஸ்ட், ஆரஞ்சு கோஸ்ட், என்ச்சி ஆகியவை கலந்தால் நிறம் நன்றாகத் தங்கும். பனானா ஆரஞ்சைத் தக்கவைத்தாலும் வயதோடு கரும்புள்ளிகள் தெளித்தாற்போல் வரும், அது அந்த மரபணுவின் குணம். ஸ்பைடர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். தலை ஆட்டமும் நிலை தடுமாற்றமும் அந்த மரபணுவோடு ஒட்டிப் பிறந்தவை, பிரிக்க முடியாதவை.

படப் பதிவு: இதைச் செய்யாதவருக்கு வம்சம் அமையாது

மனித நினைவுக்கு நிறம் நிற்காது. ஒவ்வொரு பாம்புக்கும் ஓர் எண், ஒரு நோட்டுப் பக்கம். முதல் சட்டை உரித்த பிறகு, 6 மாதம், 12 மாதம், 24 மாதம், 36 மாதம் என ஐந்து முறை படம் எடுங்கள். சட்டை உரித்து 2 அல்லது 3 நாளில் எடுக்க வேண்டும். உரிப்பதற்கு முந்தைய வாரம் எந்தப் பாம்பும் மங்கலாகத்தான் தெரியும். ஒரே இடம், ஒரே வெள்ளை எல்இடி, பின்னால் வெள்ளைத் தாள். பெயிண்ட் கடையில் தரும் ஷேட் கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, தரைநிறத்துக்கும் திட்டுக்கும் நெருங்கிய ஷேட் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்து அந்த இரண்டு எண்கள் சொல்லும் உண்மையை ஆயிரம் படம் சொல்லாது. ஷேட் கார்டை வெயில் படாமல் உறையில் வைக்கவும், அதுவும் வெளுக்கும்.

பிறர் அனுப்பும் படத்தைப் பார்க்கும்போது பாம்பைப் பார்ப்பதற்கு முன் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள். விரல் ஆரஞ்சாகத் தெரிந்தால் படத்தில் நிறம் ஏற்றியிருக்கிறார்கள்.

ஜோடி சேர்க்கும் கணக்கு

அமெல், அனெரி, சார்க்கோல், ஹைப்போ எல்லாம் ஒடுங்கு மரபணுக்கள். இரண்டு பிரதி இருந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பிரதி மட்டும் தாங்கி, சாதாரணமாகத் தெரியும் பாம்பை வளர்ப்பாளர்கள் ஹெட் என்கிறார்கள். இரண்டு ஹெட் சேர்ந்தால் நான்கில் ஒன்று நிறம் காட்டும். சாதாரணமாகத் தெரியும் மீதிக் குட்டிகளில் ஒவ்வொன்றும் ஹெட்டாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு.

பிளிசார்டை எடுத்துக்கொள்வோம். அமெலையும் சார்க்கோலையும் சேர்த்தால் முதல் தலைமுறை முழுதும் காட்டு நிறத்தில் வரும், எல்லாமே இரட்டை ஹெட். அவற்றைத் தமக்குள் சேர்த்தால் 16இல் ஒன்றுதான் பிளிசார்டு. 15 குட்டி வரும் ஓர் ஈட்டில் ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 62 சதவீதம். அதாவது மூன்று வருடம் காத்திருந்தும் வெறுங்கையோடு நிற்கும் சாத்தியம் கணிசமாக இருக்கிறது. அதே இரட்டை ஹெட் பெண்ணோடு ஒரு பிளிசார்டு ஆணைச் சேர்த்தால் நான்கில் ஒன்று பிளிசார்டு. 15 குட்டியில் ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு 98 சதவீதத்துக்கு மேல். நல்ல வளர்ந்த ஆண் ஒன்றுக்குக் கூடக் காசு கொடுப்பது மூன்று வருடக் காலத்தை வாங்குவதற்குச் சமம்.

உடன்பிறப்புகளைச் சேர்த்தால் உட்கலப்பு அளவு 25 சதவீதம். ஒரு முறை செய்வதால் உடனே கெடுதல் தெரியாது. அடுத்தடுத்து செய்தால் கூமுட்டை கூடும், குட்டி சிறுக்கும், முதுகு வளைந்த குட்டி வரும். இதைத் தவிர்க்க, தொடக்கத்திலேயே உறவில்லாத இரண்டு ஜோடிகளை வைத்துக்கொண்டு, ஒன்றின் மகனுக்கு மற்றதன் மகளைச் சேர்ப்பதே வழி. செலவு இரட்டிக்கும், வேறு குறுக்குவழி இல்லை.

மேலே சொன்ன கணக்கு எந்த நிறம் வரும் என்பதை மட்டும் சொல்லும். அந்த நிறம் எவ்வளவு ஆழம், எவ்வளவு காலம் நிற்கும் என்பதைப் பல சிறு மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதற்குக் கணக்கு கிடையாது, தேர்வு மட்டுமே. ஒரு நேரத்தில் ஒரே குணத்தைக் குறிவையுங்கள். "தரையில் வெள்ளை நிற்க வேண்டும்" என்று முடிவு செய்தால் திட்டின் வடிவம், கோடு, உடல் நீளம் எதையும் சேர்த்துக் கேட்காதீர்கள். நான்கு குணத்தைத் துரத்தினால் நான்கும் கைக்கு வராது. ஆண் ஒன்றரை வயதிலேயே தயாராகிவிடும், இருந்தாலும் அதன் நிறம் நின்றதா என்று தெரியும்வரை பொறுங்கள். பெண்ணுக்கு மூன்று வயது, மூன்று அடி நீளம், 300 கிராம் எடை என்ற பழைய அளவு இன்றும் சரி. இளம்பெண்ணை அவசரப்பட்டுச் சேர்த்தால் முட்டை அடைத்துச் சாகும். பால் பைத்தான் பெண்ணுக்கு 1500 கிராமும் மூன்று வயதும் வேண்டும்.

வீடும் வெயிலும்

வளர்ந்த கார்ன் ஸ்நேக்குக்கு 90 × 45 செ.மீ. தரையுள்ள பெட்டி. ஒரு முனை 29–31 டிகிரி, மறுமுனை 24–26. ஹீட் மேட் போட்டால் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடவே கூடாது, வயிறு வெந்துவிடும். ஈரப்பதம் 40–60 சதவீதம் (பால் பைத்தானுக்கு 60–70).

நம் பக்கம் சூடாக்குவதைவிடக் குளிரவைப்பதுதான் பாடு. ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை மாதத்துத் தார்சு வீட்டு மாடி அறை பாம்பு வைக்கும் இடமே அல்ல. கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் படாத அறை வேண்டும். பெட்டியின் குளிர்முனையே 32ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் தீனி கக்கும், ஆணின் விந்துத் திறனும் குறையும். அந்த வருடம் கூமுட்டை அதிகமானால் வெயிலைச் சந்தேகியுங்கள்.

மாசி, பங்குனியில் அடிக்கும் வறண்ட காற்று பெட்டியை உலர்த்திவிடும். சட்டை துண்டு துண்டாக உரியும், வால் நுனியிலும் கண்ணின் மேலும் பழைய தோல் ஒட்டிக்கொள்ளும். நிறம் செத்துத் தெரிவதற்கு இதுவே பாதிக் காரணம். கண் வெளிறிய அன்றே மூடியுள்ள சின்ன டப்பா ஒன்றில் ஈரத் தென்னைநார்க் கழிவை நிரப்பி உள்ளே வையுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் கட்டியாகவே கிடைக்கிறது. கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும், ஆகவே மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். கையில் பிழிந்தால் சொட்டாத அளவு ஈரம் போதும். மிஞ்சினால் அடிச்செதிலில் புண் வரும்.

தீனி வெள்ளைச் சுண்டெலிதான். குட்டிக்கு 5–7 நாளுக்கு ஒரு பிங்கி (முடி முளைக்காத எலிக்குஞ்சு), வளர்ந்ததுக்கு 10–14 நாளுக்கு ஒரு வளர்ந்த எலி. பாம்பின் உடல் நடுப்பகுதியைவிடச் சற்றே பருத்த இரை போதும். நாமக்கல் குஞ்சு பொரிப்பகங்களில் ஒருநாள் கோழிக்குஞ்சு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதையே முழுத்தீனியாக்க வேண்டாம், கழிச்சல் பிடிக்கும். அதன் மஞ்சள் கரு கரோட்டினாய்டு நிறைந்தது. வெள்ளை வம்சம் வளர்ப்பவர்கள் அதைத் தொடாமலிருப்பது உத்தமம். காட்டெலியில் எலிமருந்து இருக்கலாம், அதுவும் கூடாது.

குளிர்காலமும் இணை சேர்த்தலும்

அமெரிக்க வளர்ப்பாளர்கள் 10–15 டிகிரியில் இரண்டு மூன்று மாதம் பாம்பை உறங்கவைப்பார்கள். கோவையில் மார்கழி இரவுகூட 18க்குக் கீழே அதிகம் இறங்காது. முழு உறக்கம் கட்டாயமில்லை, லேசான குளிர்ச்சி போதும். ஐப்பசிக் கடைசியில் தீனியை நிறுத்துங்கள். அதன் பிறகும் இரண்டு வாரம் சூடு தொடரட்டும், வயிறு காலியாக வேண்டும். கார்த்திகை நடுவில் ஹீட் மேட்டை அணைத்து, அறையை இருட்டாக்கி, தண்ணீர் மட்டும் வையுங்கள். பகலில் 25ஐத் தாண்டினால் ஏசியை 18இல் ஓட்டலாம். 18–22 டிகிரியில் பாம்புக்குச் செரிக்காது. பாவம் பட்டினியாகக் கிடக்கிறதே என்று எலி கொடுத்தால் வயிற்றிலேயே அழுகும். எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த பாம்பை வெளியே எடுத்துவிடுங்கள். 300 கிராமுக்குக் குறைந்த பெண்ணை இதில் இறக்கவே கூடாது.

தை முடிவில் சூட்டை மெல்லத் திருப்பி, ஒரு வாரம் கழித்துச் சிறு இரை. பெண்ணுக்கு 5–7 நாளுக்கு ஒருமுறை தீனி கொடுத்து உடம்பேற்றுங்கள். முதல் சட்டை உரித்ததும் பெண்ணை ஆணின் பெட்டியில் விடுங்கள். ஆண் துள்ளித் துள்ளி மேலே ஊரும், வால் பின்னும். மூன்று நாளுக்கொரு முறை, மூன்று நான்கு தடவை சேர்ந்தால் போதும். இரண்டுக்கும் தீனி கொடுத்து இரண்டு நாளுக்குள் சேர்க்காதீர்கள். சேர்ந்த தேதியை எழுதுங்கள். பெண் விந்தை உள்ளே சேமித்துவைக்கக்கூடியது என்பதால் ஒரே பருவத்தில் இரண்டு ஆண்களோடு சேர்த்தால் குட்டியின் தந்தை யாரென்று தெரியாமல் போய், வம்சப் பதிவே வீணாகும்.

முட்டை: சித்திரையோடு மல்லுக்கட்டு

இணை சேர்ந்து ஐந்து ஆறு வாரத்தில் பெண் ஒரு சட்டை உரிக்கும். அதற்கு ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முட்டை. ஈரமான பாசியோ நார்க்கழிவோ நிரப்பிய, உடல் நுழையும் துளையுள்ள டப்பாவை முன்கூட்டியே வையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர்க் கிண்ணத்தில் இடும், முட்டை மூழ்கிக் கெடும். 10 முதல் 20 முட்டை வழக்கம்.

முட்டையைத் திருப்பக்கூடாது. கிடந்த நிலையிலேயே மேல்புறம் பென்சிலால் குறியிட்டு எடுக்கவும். ஒட்டிக்கொண்டவற்றைப் பிரிக்க வேண்டாம். மஞ்சளித்து, சுருங்கி, சிறுத்திருப்பவை கூமுட்டை. சந்தேகமிருந்தால் நான்காம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், நல்ல முட்டைக்குள் சிவந்த நரம்பு தெரியும். 4 லிட்டர் மூடி டப்பாவில் 5 செ.மீ. உயரத்துக்கு வெர்மிகுலைட் (ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள்), அதன் எடையில் முக்கால் முதல் ஒரு பங்கு தண்ணீர். பக்கவாட்டில் 3 மி.மீ. துளை இரண்டு. முட்டையைப் பாதி புதைத்து வைத்து மூடவும். இதற்கு நார்க்கழிவு ஒத்துவராது, ஈரம் சீராக நிற்காமல் பூஞ்சை ஏறும்.

இனி வெப்பம். கார்ன் ஸ்நேக் முட்டைக்கு 28 டிகிரி, 60 நாள் அளவில் பொரிக்கும். 31க்கு மேல் நீடித்தால் முதுகு வளைவு, கோணல் கோலம், முட்டைக்குள் சாவு. நம் கணக்கில் முட்டை சித்திரை, வைகாசியில் வருகிறது, அறையே 35. தெர்மோகோல் பெட்டியில் பல்பு போட்ட இன்குபேட்டர் சூடாக்க மட்டுமே தெரிந்தது. அறை அதன் இலக்கைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் அது வேலை செய்யும்.

சரியான தீர்வு பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். எஸ்டிசி-1000 என்ற வெப்பக் கன்ட்ரோலர் ஒன்றில் குளிர், சூடு என்று இரண்டு ரிலே உண்டு. குளிர்ப் பக்கம் ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரையும், சூட்டுப் பக்கம் 15–25 வாட் ஹீட் கேபிளையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு இணைக்கச் சொல்லுங்கள். இலக்கு 28.0, வித்தியாசம் 0.5, கம்ப்ரஸர் தாமதம் 5 நிமிடம். தாமதம் வைக்காவிட்டால் கம்ப்ரஸர் எரியும். சென்சாரை முட்டை டப்பாவின் உயரத்தில் தொங்கவிடவும். உள்ளே காற்றைச் சுற்றவிட 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று, அடித்தட்டில் 10 லிட்டர் தண்ணீர் பாட்டில்கள். முட்டை வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஓடவிட்டு, தனித் தெர்மாமீட்டரால் நான்கு மூலையும் பாருங்கள். கன்ட்ரோலர் காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

பால் பைத்தான் முட்டைக்கு 31–32 டிகிரி என்பதால் கோடையில் இந்த அளவு பாடில்லை. 55–60 நாள்.

வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து ஒரு நிமிடம் காற்று விடுங்கள். மூடியில் திரளும் நீர் முட்டை மேல் சொட்டக்கூடாது. முதல் மாதமே முட்டை குழிந்தால் ஈரம் போதவில்லை, ஓரத்தில் வெதுவெதுப்பான நீர் விடலாம். கடைசி இரண்டு வாரத்தில் குழிவது இயல்பு, அப்போது தண்ணீர் ஊற்றிக் கொல்லாதீர்கள். ஓட்டைக் கீறிய குட்டி ஓரிரு நாள் உள்ளேயே தலை நீட்டிக் கிடக்கும், கருவை உறிஞ்சி முடித்துத் தானே வரும். இழுக்காதீர்கள்.

குட்டிகளில் எதை நிறுத்துவது

ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா. ஒன்றை ஒன்று விழுங்கவும் கூடும். மூடி இடுக்கு 5 மி.மீ. இருந்தாலே நழுவிவிடும். தப்பிய சிவப்புப் பாம்பு பக்கத்து வீட்டில் தெரிந்தால் தடியடிதான், ஆகவே பூட்டுள்ள டப்பா. வேண்டாத குட்டியை வாய்க்கால் கரையில் விடுவது பெரும் தீங்கு. 7–10 நாளில் முதல் சட்டை, அதன் பிறகே முதல் பிங்கி. எடுக்காவிட்டால் ஐந்து நாள் விட்டு, பிங்கியை வெந்நீரில் கழுவி மூளைப்பகுதியைக் கீறி, சின்ன டப்பாவில் இரவு முழுதும் பாம்போடு வையுங்கள்.

முதல் படத்தை வைத்து விற்பனை வேண்டாம். ஒவ்வோர் ஈட்டிலும் நான்கு குட்டிகளையாவது 36 மாதம் நிறுத்துங்கள். நான்கும் மிக அழகானவையாக இருக்கக்கூடாது. அழகானவை இரண்டு, நடுத்தரம் ஒன்று, எல்லோரும் ஒதுக்கியது ஒன்று. மூன்றாம் வருடம் ஷேட் எண்களை ஒப்பிட்டால் உங்கள் வம்சத்தில் எந்தக் குட்டி எப்படி மாறும் என்ற வரைபடம் கிடைக்கும். அடுத்த ஈட்டில் குட்டியைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். முதல் ஈட்டிலேயே அதைச் சொல்ல யாராலும் ஆகாது. விற்கும் குட்டியோடு தாய் தந்தையின் மூன்று வயதுப் படத்தையும், எந்த மரபணு உறுதி, எது வெறும் வாய்ப்பு என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

இடையில் வரும் சிக்கல்கள்

நிறம் திடீரென்று மங்கி, பாம்பு தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தால் உண்ணி பாருங்கள். கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் தாடைக்கு அடியிலும் கண்ணோரத்திலும் ஓடும். பெட்டியைக் காலிசெய்து, வெறும் பேப்பரில் வைத்து, கால்நடை மருத்துவரைக் கேட்டே மருந்து போடுங்கள். மாட்டுக்குப் போடும் உண்ணி மருந்தைக் கண்ணளவில் தெளித்தால் பாம்புதான் முதலில் சாகும். புதிதாக வரும் எந்தப் பாம்பும் 60 நாள் வேறு அறையில் இருக்கட்டும்.

பெண் சில முட்டை இட்டு நிறுத்தி, வயிற்றில் மேடு தெரிந்தபடி இரண்டு நாள் கடந்தால் அது முட்டை அடைப்பு. கையால் அமுக்கித் தள்ளினால் உள்ளே கிழியும். பாம்பு பார்க்கும் மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. மாசி மாதமே விசாரித்து எண்ணை வாங்கி வைத்துவிடுங்கள். முட்டையிட்ட பெண் உடம்பு வற்றியிருக்கும். இரண்டாம் நாளிலிருந்து சிறு எலிகளாகக் கொடுத்து, பழைய எடை வராமல் மறு பருவத்தில் சேர்க்காதீர்கள்.

கோடை மழைக்கு முன் அடிக்கும் சூறையில் கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். மூடியே இருந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் பாட்டில்கள் சில மணி நேரம் வெப்பத்தைத் தாங்கும். அதற்கு மேல் போனால் உறையவைத்த பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றி மேல்தட்டில் வையுங்கள், முட்டை டப்பாவில் படாதபடி. வெப்பம் 24க்கு இறங்குவதை முட்டை ஒரு நாள் பொறுக்கும், 34க்கு ஏறுவதைப் பொறுக்காது.